பதினேழு ஜோடிச் செருப்பும் ஒரு திருப்புல்லாணிப் பயணமும்

எங்கள் வேன் ஸ்டாண்டுக்காரர்கள் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, இப்பல்லாம் பார்ட்டிக்காரக வண்டில ஏறும்போதே போனப் பாத்து, 'அந்தக் கடைல நிப்பாட்டுங்க, நாலரை ஸ்டார் போட்ருக்கு'ங்கிறாக. டிரைவர் பேச்சுக்கு மதிப்பே இல்ல. உங்க காலத்துல ஒண்ணுமே இல்லாம எங்க நிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிச்சீக? அத எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வருமாய்யா?"

"பேச வருதுல்ல? அதையே எழுதுங்க. உங்க வாய மூட வைக்கிறதுதான எங்களுக்குச் சிரமம்."

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஊர் பரளச்சி. வானம் பார்த்த புஞ்சை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டி ஊர்ப் பெயர்ப் பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. ஆனால் பலகையை வாசித்து வண்டி ஓட்டியவன் இல்லை நான். அருப்புக்கோட்டையிலிருந்து தனுஷ்கோடி மணல் வரை, இந்தப் பக்கம் திருச்செந்தூர், அந்தப் பக்கம் குற்றாலம் வரை, என் சக்கரம் படாத கோயில் வாசல் கிடையாது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டி மேலும் ஏற்றியதில்லை. நான் நிறுத்திய கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படி யாராவது இருந்தால் இந்த மலரின் அடுத்த பக்கத்தில் எழுதட்டும்.

கடையைக் கண்டுபிடிக்கிற வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக் கடை என்றால் நான் முன்வாசல் வழியாகப் போக மாட்டேன். பின்பக்கம் போவேன். எச்சில் இலை கொட்டுகிற இடத்தைப் பார்ப்பேன். இலையில் கறிவேப்பிலையும் மிளகாய்க் காம்பும் மட்டும் கிடந்தால் வண்டியை நிறுத்தலாம். சோறு குவிந்து கிடந்தால், பொரியல் அப்படியே கிடந்தால், முன்னால் எத்தனை லைட்டுப் போட்டிருந்தாலும் எனக்கு வேண்டாம். மதுரையிலிருந்து வந்த ஒரு பார்ட்டியில் ஒரு சார் இதைப் பார்த்துவிட்டு, "என்ன டிரைவரே, எச்சி எலையில சாப்பாடு தேடுறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஆமா சார், உங்களுக்குத்தான்" என்றேன். அதோடு அவர் ராமேஸ்வரம் வரை பேசவில்லை. ஆனால் கமுதியில் நான் கூட்டிப்போன கடையில் ஏழு இட்லி சாப்பிட்டார்.

அந்தக் கமுதிக் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அவர் கல்லாவில் உட்கார மாட்டார், ஆட்டுரலில்தான் உட்காருவார். இட்லிக்கு மல்லிச் சட்னி, பருப்புத் துவையல், மேலே நல்லெண்ணெய். இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்த வழியாகப் போனால் இப்போதும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

சரித்திரமும் எனக்கு அப்படித்தான் வந்தது. பள்ளிக்கூட டூர் அடித்தால் வாத்தியார்கள் சொல்வதை ஓரமாக நின்று கேட்டுக்கொள்வேன். கமுதிக் கோட்டை வட்டமாக இருக்கும், குண்டாற்றங்கரை. ஒருமுறை இரண்டு வரலாற்று வாத்தியார்கள் அதைக் கட்டியது எதற்காக என்று கோட்டைக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஒரு கதை, இன்னொருவர் வேறு கதை. பிள்ளைகள் வெயிலில் வாடின. கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து, "நீங்க எத்தனையோ தடவ வந்திருப்பீங்க, நீங்க சொல்லுங்க டிரைவர்" என்றார்கள். "சார், நீங்க ரெண்டு பேரும் சொல்றது சரி. பிள்ளைகளுக்குப் பசிக்குது, அதுவும் சரி" என்றேன். அன்றைக்கு முதல் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு கதையையும் சொல்லிவிடுவேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படியெல்லாம் ஆவதற்கு முன்னால் என்னைச் சோதித்து எடுத்தவர் எங்கள் முதலாளி. லாரியில் கிளீனராக இருந்து, லோடு ஓட்டிப் பழகி, லைசென்ஸ் வாங்கி, வேலை கேட்டு அவர் முன்னால் நின்றேன். என் லைசென்ஸை வாங்கிப் பார்க்கவில்லை. வேனின் கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுத்தார். "பந்தல்குடி வரைக்கும் ஓட்டிட்டு வா. நான் தூங்கணும். எங்கயாச்சும் முழிச்சேன்னா வண்டிய அங்கயே நிப்பாட்டிட்டு நீ நடந்து வீட்டுக்குப் போ" என்றார். அன்றைக்கு ரோடு இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியாது. பாலத்துக்குப் பாலம் குழி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். திரும்பி வந்து ஸ்டாண்டில் நிறுத்தியபோதும் அவர் குறட்டை நிற்கவில்லை. எழுப்பப் பயமாக இருந்தது. அரை மணி நேரம் வண்டிக்கு வெளியே நின்றேன். எழுந்தவர், "என்னலே நிக்கிற, போய்ச் சட்டைய மாத்திட்டு வா, திருச்செந்தூர் பார்ட்டி இருக்கு" என்றார். நடுவில் பாதி வழி முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதம். கோயில் பயணத்துக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் ஏற்றிப் புறப்பட்டுவிட்டால், போகிற கோயிலைக் கும்பிடும்வரை வண்டி முகம் திரும்பக் கூடாது. பர்ஸை மறந்தாலும் சரி, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாலும் சரி. "மொகம் திரும்புச்சுன்னா சாமி காரியம் கெட்டுரும்" என்பார். அப்படித் திருப்பிய ஒரு டிரைவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தியவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. டூர் வண்டிக்கு ஆள் எண்ணுவதுதான் பெரிய பாடு. பதினெட்டுப் பேரைக் கோயிலில் இறக்கிவிட்டால் ஒருவர் பூக்கடையில் நிற்பார், ஒருவர் வளையல் கடையில் நிற்பார், இரண்டு பேர் டீக்கடையில். எண்ணும்போதே ஒரு பிள்ளை இறங்கி ஓடும். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கோயில் வாசலில் வண்டி நின்றதும் எல்லோரும் செருப்பை வண்டியிலேயே கழற்றச் சொல்வேன். வாசலில் விட்டால் காணாமல் போகும் என்று ஒரு பயத்தையும் காட்டி வைப்பேன். கதவோரம் வரிசையாக ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் கால் போட்டுத் தூங்குவேன். வருகிறவர்கள் அவரவர் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஒரு ஜோடி கிடந்தால் ஒரு ஆள் வரவில்லை. வரிசை காலியானால் சாவியைத் திருகலாம். ஸ்டாண்டில் பாதிப் பேர் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எத்தனையோ வருஷம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

தப்பிய அந்த ஒரு முறையைத்தான் எழுத வந்தேன்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து வந்த பார்ட்டி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், நம்மிடம் நல்ல தமிழ். சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். பொறுப்பு வெங்கிடு அண்ணாச்சி. தறி நாலு வைத்திருந்தவர், பேச்சில் காரம் அதிகம். திருச்சுழி, கமுதி, உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, சாயங்காலம் ராமேஸ்வரம். மறுநாள் தேவிபட்டினம் பார்த்துத் திரும்புவது. பங்குனி மாசம். செல்போன் ஊருக்குள் வராத காலம்.

விடியக் காலம் ஏறும்போது ஒரு அம்மா வெறுங்காலோடு ஏறியதைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பெயர் ரங்கம்மா. தனியாக வந்திருந்தாள். வெறுங்கால் என்பது என் கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை.

திருச்சுழியில் வெளிச்சம் வரும் நேரம் இறக்கிவிட்டேன். செருப்பை அடுக்கினேன். கண்ணயர்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் வந்தார்கள், வரிசை காலியானது, புறப்பட்டேன். பிள்ளைகள் கடைசி சீட்டில் சுருண்டு படுத்துவிட்டன. முன்னால் இருந்தவர்களும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். கமுதிக் கடையில் இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் ஒரு இலைக்கு ஆள் இல்லை என்று தெரிந்தது.

"ரங்கம்மா எங்கடீ?" என்றாள் மல்லிகா என்ற பெண். அடுத்த வீட்டுக்காரி.

"வண்டில தூங்குவா, எழுப்பு."

வண்டியில் மஞ்சள் பைதான் இருந்தது.

செருப்பு வரிசை காலியாகத்தானே இருந்தது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவ செருப்புப் போட்டு ஒரு வருஷமாச்சுண்ணே" என்றாள்.

கையில் ஏதாவது காசு வைத்திருக்கிறாளா என்று பார்க்க மல்லிகா பையைத் திறந்தாள். ஒரு மாற்றுச் சேலை. சுருக்குப் பை; காசு எல்லாம் அதில்தான். அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் புதுச் செருப்பு, நீல வார், விலைச் சீட்டுக் கட்டிய நூல்கூட அறுக்கவில்லை.

"மக வாங்கிக் குடுத்தது" என்றாள் மல்லிகா. அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ரங்கம்மாவின் மகளுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. போன வருஷம் மகளைத் திருப்புல்லாணிக்குக் கூட்டிப்போய்ப் பாயசப் பிரசாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை பிறந்து, நான் திரும்பி வந்து உன் முன்னால் நிற்கிறவரை காலில் செருப்புப் போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. பேத்தி. அந்தக் காலோடுதான் ஒரு வருஷம் வெயிலில் தறி நூலை நீட்டிப் பாவு போடப் போனாள், தண்ணீர் எடுத்தாள். பாதம் வெடித்துப் போயிருந்தது. இன்றைக்கு அதை முடிக்கத்தான் இந்த வண்டியில் ஏறியிருக்கிறாள்.

திருப்புல்லாணியில் உச்சிக்கு நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அப்போது எங்கள் வண்டி பாம்பன் பாலத்தில் இருக்க வேண்டும்.

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன். நீங்க சாப்ட்டு, கோட்டையப் பாத்துட்டு இருங்க" என்றேன்.

வெங்கிடு அண்ணாச்சி இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "வண்டி மொகம் திரும்பக் கூடாதுன்னு உங்க மொதலாளியே சொல்வாருல்ல?"

"சொல்வாரு."

"பெறகு? அவ என்ன பச்சப் புள்ளையா. யாருகிட்டயாச்சும் கேட்டுப் பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போயிருவா. பதினேழு பேரு காரியத்தக் கெடுக்கணுமா? திரும்பிப் போயி வந்தா உத்தரகோசமங்கை போச்சு."

"காசு பையில கெடக்கு. எந்தப் பஸ்ஸுல அண்ணாச்சி ஏறுவாக?"

"அப்ப நீ திருப்புவ. நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா?"

"ஏதும் ஒண்ணுன்னா என் மேல போடுங்க."

"உன் மேல போட்டு என்ன செய்ய, நீயும் எங்ககூடத்தான பள்ளத்துல கெடப்ப!"

அதற்கு மல்லிகா குறுக்கே வந்தாள். "ஏண்ணே, விடுபட்டு நின்னது உங்க வீட்டக்கான்னு வைங்க. அப்பவும் விட்டுட்டுத்தான் போவீகளா?"

அண்ணாச்சியின் மனைவி தோசையைப் பிய்த்துக்கொண்டே, "விட்டுட்டுத்தான் போவாக. இன்னும் ஒரு தோச கூடச் சாப்டுவாக" என்றாள். கடையே சிரித்தது. கடைக்காரர் ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

திருப்பியது சுலபமாகச் சொல்லிவிட்டேன். கடை வாசலில் அந்த ஒரு வளைவு எடுப்பதற்குள் என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வேலை போய்விட்டால் பரளச்சிப் புஞ்சைதான். மழையை நம்பி உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய பயம், ஒரு பெண்ணைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தவன் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பேசுவார்களே என்பது. வழி நெடுக, கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் ஒரு அம்மாவை மனசில் பார்த்துக்கொண்டே போனேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

திருச்சுழி வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று மைல் இருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். தார் ரோடு காயத் தொடங்கியிருந்தது. எதிரே ரோட்டோரப் புழுதியில் ஒரு அம்மா நொண்டி நொண்டி நடந்து வருகிறாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருக்கிறாள். பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

ரங்கம்மா என்னைப் பார்த்தாள். அழவில்லை. "வாங்க தம்பி. எல்லாரும் சாப்டாச்சா?" என்றாள்.

தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "எங்கக்கா போறீக?" என்றேன்.

"புல்லாணி எந்தப் பக்கம்னு பூக்காரம்மாகிட்டக் கேட்டேன். இந்த ரோடுதான்னாக."

"நடந்தே போயிருவீகளா? எம்புட்டுத் தூரம்னு தெரியுமா?"

"ஒரு வருஷமா நடந்தேன். இத நடக்க முடியாதா?"

காலைப் பார்த்தேன். இடது குதிகாலில் ரத்தம் புழுதியோடு காய்ந்திருந்தது. கோயிலை விட்டு வரும்போது கருவேல முள் ஏறிவிட்டதாம். குளத்துப் படியில் உட்கார்ந்து ஊக்கால் தோண்டி எடுத்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் வண்டி இல்லை. செருப்பு இல்லாமல் வெடித்த காலில்தான் முள் ஆழமாக ஏறும். முள் ஏறியதால் தாமதம். செருப்பு இல்லாததால் எனக்கு அவள் வராதது தெரியவில்லை. மூன்றையும் அந்த ரோட்டில் நின்று சேர்த்துப் பார்த்தபோது என் கண்டுபிடிப்பின் லட்சணம் எனக்கே விளங்கியது.

ஒளிக்கவில்லை. "செருப்ப வச்சுத்தான்க்கா ஆளு வந்தாச்சான்னு பாப்பேன். எல்லாச் செருப்பும் போயிருச்சு. கெளம்பிட்டேன்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப காலைல இருந்து நான் ஒங்க கணக்குலயே இல்லையா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். முதலாளியிடம் வாங்கிய எந்தப் பேச்சும் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

முன் சீட்டில் ஏற்றினேன். தண்ணீர் கொடுத்தேன். "பையில உங்க செருப்பு இருக்குக்கா. காயம்பட்ட காலு, போட்டுக்கங்க. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றேன்.

"பையத் தொறந்தீகளாக்கும்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நின்னு கும்பிட்டுட்டுப் போடுறேன். நேரத்துக்குப் போயிருவீகளா?"

"போயிருவோம்க்கா."

மறுபடியும் கமுதிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்குப் பிறகு நான் ஓட்டியதில்லை. வேகம் என்று நினைக்காதீர்கள். முதலாளி கடைசி சீட்டில் படுத்திருந்தாலும் முழித்திருக்க மாட்டார். ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. கமுதியில் எல்லோரும் கடை வாசலில் தயாராக நின்றார்கள். அந்தக் கடைக்கார அம்மா இலையில் இட்லியைக் கட்டி ரங்கம்மா மடியில் வைத்துவிட்டாள். கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று அதையும் பிரிக்கவில்லை. வெங்கிடு அண்ணாச்சி ஏறி உட்கார்ந்து, "உத்தரகோசமங்கை போச்சு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குத் திரும்பும்போது அந்த வழியா வாரேன் அண்ணாச்சி. நடை திறந்திருக்கிற நேரத்துக்குக் கொண்டுபோய் நிப்பாட்டுறது என் பொறுப்பு."

"பொறுப்பெல்லாம்தான் காலைல பாத்தோமே!"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதுகுளத்தூர் தாண்டி ஒரு ஆட்டுக் கிடை ரோட்டை அடைத்தது. முந்நூறு ஆடு இருக்கும். மேய்க்கிறவர் எங்கோ பின்னால். ஹாரன் அடித்தால் ஆடு மிரண்டு குறுக்கே பாயும். நான் இறங்கிப் போய், நாக்கை மடித்து எங்கள் ஊரில் ஆட்டை ஓரங்கட்டக் கொடுக்கிற சத்தத்தைக் கொடுத்தேன். ஆடு அப்படியே பிரிந்து வழி விட்டது. நாலாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்த படிப்பு அதுதான். பின்னால் யாரோ கை தட்டினார்கள். அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தபோது கையைக் கட்டிக்கொண்டார்.

திருப்புல்லாணி வாசலில் நிறுத்தும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்கள்தான், உள்ளே போகிறவர் யாரும் இல்லை. ரங்கம்மா கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறினாள். நான் ஓடிவந்து திறந்துவிட்டேன். வழக்கமாக நான் எந்தக் கோயிலுக்குள்ளும் போக மாட்டேன். வண்டியில்தான் எனக்குச் சாமி. அன்றைக்கு வண்டியைப் பூட்டாமல்கூட அவள் பின்னால் ஓடினேன். அவள் நொண்டிய இடமெல்லாம் கல்லில் லேசாகச் சிவப்பு. சன்னதியில் பட்டர் திரையை இழுக்கக் கையை உயர்த்திவிட்டார்.

"சாமி, சாமி, ஒரு நிமிசம்!" என்று நான்தான் கத்தினேன். கோயிலில் அப்படிக் கத்தக் கூடாதுதான்.

அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். கையை இறக்கினார். ஆரத்தித் தட்டை மறுபடி எடுத்தார்.

ரங்கம்மா கும்பிடவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெறுமனே நின்றாள். தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. 'வந்துட்டேன்' என்றாள்.

வெளியே வந்து கோபுர நிழலில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துச் செருப்பைப் போட்டாள். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருஷம் வெறும் தரையில் நடந்து பாதம் அகன்றுவிட்டது. மகள் பழைய அளவுக்கு வாங்கியிருக்கிறாள். "காலு பெரிசாயிருச்சு மல்லிகா" என்று சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே கமுதி இட்லியைச் சாப்பிட்டாள்.

முதலாளி என்ன சொன்னார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியை மேஜையில் வைத்தேன். அவர் சாவியை எடுக்கவில்லை. எழுந்து வந்து கடைசி சீட்டில் படுத்தார். "திருச்சுழிக்கு ஓட்டு" என்றார். ஓட்டினேன். அன்றைக்குக் குறட்டை இல்லை. கோயில் வாசலில் இறங்கி, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"இங்க கும்பிட்டுட்டுத்தானலே போனீக?"

"ஆமா மொதலாளி."

"அப்ப போற கோயில் ஒண்ணக் கும்பிட்டாச்சு. திரும்புனது தப்பில்ல." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா ஒண்ணு. எங்க ஆத்தா சாகுற வரைக்கும் செருப்புப் போட்டது கெடையாது. உன் வண்டில வந்திருந்தா அவுகளையும் விட்டுட்டுத்தான் வந்திருப்ப."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாழ்நாளில் பேசவில்லை. பின்னால் அந்த வண்டியையே எனக்கு விற்றார். அதிலிருந்து இன்னொரு வண்டி வாங்கினேன். நான் ஸ்டியரிங்கை விட்ட நாள் வரை செருப்பையும் பார்த்தேன், முகத்தையும் பார்த்து எண்ணினேன். செயலாளர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். எங்கே நிற்பது என்று இன்றைக்குப் போன் சொல்லிவிடும். புறப்படும்போது யார் ஏறவில்லை என்று அது சொல்லாது.

இனி அந்தப் பயணத்தின் இரண்டாம் நாள். சொன்ன சொல் தவறாமல் உத்தரகோசமங்கை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். இப்போது பதினெட்டு ஜோடி. நீல வார்ச் செருப்பை நானே எடுத்து வரிசையில் முதலாவதாக வைத்தேன். எல்லோரும் கும்பிட்டு, கோயிலின் பழைய இலந்தை மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்கள். நான் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவுக்கு வந்தேன். ஒரு ஜோடி கிடக்கிறது. நீல வார்.

உள்ளே எட்டித் தலையை எண்ணினேன். பதினேழு.

யாரிடமும் கேட்கவில்லை. ஓடினேன். பிரகாரத்தில் தேடினேன், மரத்தடியில் தேடினேன், குளத்துப் படி முழுக்க இறங்கிப் பார்த்தேன். பூக்காரர்களிடம் கேட்டேன். "காலு நொண்டுற அம்மாய்யா, பாத்தீகளா?" ஒருவரும் பார்க்கவில்லை. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், வண்டியில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கடைசி சீட்டு ஜன்னலில் ரங்கம்மா முகம். ஒரு பிள்ளையின் பலூன் சீட்டுக்கு அடியில் போய்விட்டதாம். குனிந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரத் தேடி இந்த ஓட்டம் ஓடுறீக தம்பி?"

"உங்களத்தான்க்கா! செருப்பு இங்கயே கெடக்கே!"

அவள் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷப் பழக்கம். செருப்பு இருக்கிறது என்பதே மறந்து, தாண்டி ஏறி உள்ளே போய்விட்டிருக்கிறாள். வெங்கிடு அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. "நேத்து செருப்பு இல்லன்னு விட்டாரு, இன்னைக்குச் செருப்பு இருக்குன்னு தேடுறாருப்பா!"

ரங்கம்மா எழுந்து, எல்லோர் முழங்காலையும் தாண்டிக் கதவுக்கு வந்தாள். கீழே இறங்கினாள். ஒவ்வொரு காலாக நீலச் செருப்பில் நுழைத்தாள். குதிகால் வெளியேதான் நின்றது. கம்பியைப் பிடித்து மறுபடி ஏறிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இப்ப எண்ணிக்கங்க" என்றாள்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்து, வாய்விட்டு, முன் சீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். பதினெட்டு.